ஏழாம் வகுப்போடு ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம்

சென்னிமலைக்கு அருகில் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நான், சென்ற தை மாதம் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 41 பேரைக் கோயமுத்தூர் அவினாசி சாலையில், கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபருமான ஜி.டி. நாயுடுவின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்கும், அதை ஒட்டியே இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் சென்றேன். இரண்டும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்ற இடங்கள். ஆனால் அவற்றை நாங்கள் பார்த்த விதத்தில் கிடைக்க வேண்டிய பலனில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியை எங்கே தொலைத்தோம் என்பதையும் சேர்த்தே எழுதினால்தான், அடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த மதிப்புரை பயன்படும்.

பயண ஏற்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளி பள்ளியாக ஆள் அனுப்பிக் கல்விச் சுற்றுலா பிடிக்கும் ஏற்பாட்டாளர்கள் நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர், மாணவர் ஒருவருக்கு 480 ரூபாய் என்று பேசி, பேருந்து, காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம் என்றார். அவர் நீட்டிய தாளில் ஒரே நாளில் ஐந்து இடங்கள் இருந்தன: மேற்சொன்ன இரண்டு அருங்காட்சியகங்கள், கொடிசியா கண்காட்சி வளாகத்தின் பக்கமுள்ள மண்டல அறிவியல் மையம், மருதமலை, மாலையில் ஒரு வணிக வளாகம். ஒவ்வோர் இடத்துக்கும் முக்கால் மணி நேரம் என்று கணக்கு. இத்தனை இடம் எதற்கு என்று கேட்டதற்கு, "அஞ்சு எடமாவது இருந்தாத்தானுங்க சார் பெத்தவங்க காசு குடுப்பாங்க" என்றார். பெற்றோரில் பெரும்பாலோர் தறி ஓட்டுகிறவர்கள். அவர்கள் யாரும் இடங்களை எண்ணிப் பார்த்துக் காசு கொடுக்கவில்லை என்பதை நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவழியாக வணிக வளாகத்தையும் மருதமலையையும் நீக்கவைத்தேன். கட்டணம் மட்டும் குறையவில்லை.

காலை 6 மணிக்கு வரவேண்டிய பேருந்து 7.20க்கு வந்தது. அதற்குள் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்த முறுக்கில் பாதி தீர்ந்துவிட்டது. பெருந்துறையில் நெடுஞ்சாலையைப் பிடித்து அவினாசி தாண்டும்வரை ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டின் சத்தத்தில், வழியில் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்று நான் குறித்து வைத்திருந்தவற்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

கோவைக்குள் நுழையும் இடமான கோல்டுவின்ஸ் வந்ததும் ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் மேம்பாலத்தில் ஏறிவிட்டார். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலம் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதற்கு வைத்திருக்கும் பெயரும் ஜி.டி. நாயுடுவின் பெயர்தான். நாயுடு பாலத்தின்மேல் ஏறி நாயுடு அருங்காட்சியகத்தைக் கடந்துபோன பெருமை எங்கள் வகுப்புக்கு உண்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், இருபுறக் கட்டடங்களின் மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. உப்பிலிபாளையத்தில் இறங்கித் திரும்பி, நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் மேலும் 35 நிமிடம் போயிற்று.

பாலத்தில் ஏறியதால் கைவிட்டுப்போன இன்னொன்றும் உண்டு. கீழ்ச்சாலையில் வந்திருந்தால் பீளமேட்டில் 'ஹோப் காலேஜ்' நிறுத்தத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன். கோவைக்குப் பேருந்தில் வருகிற எவருக்கும் அந்தப் பெயர் பழக்கம். அங்கே அந்தப் பெயரில் கல்லூரி எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரில், நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் 1945இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் நினைவு அது. அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. கல்லூரி இடம் மாறிவிட்டது, பேருந்து நிறுத்தம் மாறவில்லை. அதன் முதல் முதல்வராக இருந்த நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது வீண், இரண்டு ஆண்டுகள் போதும் என்று வாதிட்டு, அது ஏற்கப்படாததால் பதவியை விட்டு விலகினார். வாத்தியாராக இருந்துகொண்டு இதைப் பிள்ளைகளிடம் சொல்வது சற்றுச் சங்கடம்தான் என்றாலும், சொல்ல வேண்டிய செய்தி.

நாயுடுவைப் பற்றி வகுப்பில் முன்பே ஒரு பாடவேளை பேசியிருந்தேன். கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தவர். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவர். 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டத் தொடங்கினார். இந்த முன்கதை பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது எங்கள் பயணத்தில் நான் செய்த ஓர் உருப்படியான காரியம். உள்ளே நுழைந்ததும் அவர்கள் பொருள்களைத் தேடுவதற்கு முன் அந்த மனிதரைத் தேடினார்கள்.

நான் செய்த உருப்படாத காரியம், இருபது கேள்விகள் கொண்ட வினாத்தாளை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தது. இந்தப் பொருளின் பெயர் என்ன, எந்த ஆண்டு, எந்த நாடு என்கிற வகைக் கேள்விகள். முதல் கூடத்தில் கால்மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், 41 தலைகளும் குனிந்திருந்தன. ஒருவன் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுத, பின்னால் நிற்கிற ஐந்து பேர் அவன் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. தாள்களை எல்லாம் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரே ஒரு வேலையைச் சொன்னேன்: "உங்க வீட்டுல இருக்கற ஏதாவது ஒரு பொருளோட ஒறவுக்காரன் இங்க இருக்கானான்னு தேடிக் கண்டுபுடிங்க." அதற்குப் பிறகுதான் கூடத்தில் சத்தமே வந்தது.

அருங்காட்சியகத்தில் இருப்பவை இரு வகை. நாயுடு உருவாக்கியவை ஒரு வகை. அவர் நாடு நாடாகச் சுற்றியபோது சேர்த்துக் கொண்டுவந்தவை மற்றொரு வகை. வானொலிப் பெட்டிகள், புகைப்படக் கருவிகள், கடிகாரங்கள், சவரக் கருவிகள், கணக்கிடும் இயந்திரங்கள் எனப் பழைய மின், இயந்திரப் பொருள்கள் ஏராளம். பெரியவர்களுக்கு இவை பழைய நினைவுகளைக் கிளறும் பொருள்கள். பிள்ளைகளுக்கு அந்த நினைவு இல்லை. அதனால் அவர்கள் கேட்கிற கேள்விகள் நேராக இயக்கத்தைப் பற்றியவையாக இருந்தன.

வானொலிப் பெட்டிகள் முன்னால் ஒரு பெண், "எங்க அப்பாரு இத மாதிரி ஒண்ணத் தோளுல மாட்டிக்கிட்டுத்தானுங்க ஆடு மேய்ப்பாரு" என்றாள். அவளுடைய தாத்தா மாட்டியது டிரான்சிஸ்டர் பெட்டி. முன்னால் இருந்தவை வால்வுப் பெட்டிகள். வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். உள்ளே ஓர் இழை சூடேறினால்தான் அதிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்படும். ஆகையால் பெட்டியைத் திருகியவுடன் பாட்டு வராது, அரை நிமிடம்போலக் காத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும் என்பதால், ஆட்டுக்குப் பின்னால் தோளில் மாட்டிக்கொண்டு போகிற சங்கதி இதில் நடக்காது. ஐந்து வால்வுப் பெட்டியை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் நாயுடு அறிவித்தார் என்பதை இங்கேதான் சொன்னேன். 70 ரூபாய் என்றதும் சிரித்தார்கள்; அந்தக் காலத்து எழுபது என்று சொன்னாலும் சிரிப்பு அடங்கவில்லை.

சவரக் கருவிகளை மாணவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள் என்று நினைத்தேன், அப்படியே கடந்தார்கள். உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார் பொருத்தி நாயுடு செய்த 'ரசந்த்' என்னும் மின்சவரக் கருவியைப் பார்த்து நான் மட்டும் நின்றேன். மீசை முளைக்கிற வயதில் அவர்களை மறுபடியும் கூட்டிவர வேண்டும்.

எங்கள் பயணத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடம் கணக்கிடும் இயந்திரங்களின் முன் கழிந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் கணக்குப் போடும் வகையைச் சேர்ந்த இயந்திரங்கள் எப்படி வேலை செய்யும் என்று விளக்கினேன். ஓர் எண்ணை நெம்பினால் அத்தனை பற்கள் சக்கரத்தில் வெளியே நீளும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் அத்தனை இடம் எண்சக்கரம் நகரும். 24ஐ 13ஆல் பெருக்க வேண்டுமானால், 24ஐ நிறுத்திக்கொண்டு மூன்று சுற்று, 72 வரும். பிறகு எண்சக்கரங்களைத் தாங்கும் வண்டியை ஓர் இடம் நகர்த்தி ஒரே ஒரு சுற்று. 240 அதோடு சேர்ந்து 312 ஆகும். "நாம போர்டுல ஒரு எடம் தள்ளி எழுதறது இதுதானுங்களா?" என்று ஒருவன் கேட்டான். இதுதான். ஏன் ஓர் இடம் தள்ளி எழுதுகிறோம் என்று மூன்றாம் வகுப்பிலிருந்து அவனுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். பற்சக்கரத்தைக் காட்டிய அன்றுதான் அவன் அதை ஒத்துக்கொண்டான்.

அப்போதுதான் வரிசையின் பின்னாலிருந்து, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி முன்னால் வந்தாள். அவள் வீட்டில் போர்வை நெய்கிற தறிகள் இரண்டு இருக்கின்றன. "சார், இது எங்கூட்டு ஜக்கார்டுப் பெட்டிக்குச் சொந்தமுங்க" என்றாள். ஜக்கார்டு என்பது தறியின் மேல் உட்கார்ந்து, துளையிட்ட அட்டைகளின்படி நூல்களைத் தூக்கிப் பூ வேலை விழவைக்கும் பெட்டி. எப்படிச் சொந்தம் என்று கேட்டேன். "அட்டையில ஓட்டை இருந்தா ஊசி உள்ள போயிருமுங்க, கொக்கி நூலத் தூக்கிரும். ஓட்டை இல்லீனா அட்டை ஊசியத் தள்ளிப்போடும், நூலு கீழயே கெடக்கும். அதுலயும் இப்படித்தானுங்க, பல்லு நீட்டிக்கிட்டு இருந்தாத் தள்ளும், இல்லீனாச் சும்மா போகும்." தறி மேலே ஏறி அட்டைச் சங்கிலியைக் கோத்து, கிழிந்த அட்டைக்குப் பதில் புதிது குத்திப் பழகிய பிள்ளை, எனக்கு இந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்ல வந்திருக்காது. தறி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று, பூ எப்படி விழும், கரை எப்படி மாறும் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.

மீதியை நான் சொன்னேன். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துக்காரரான ஜக்கார்டு இந்தப் பெட்டியை உருவாக்கியது 1804 வாக்கில். அதில் ஓடும் அட்டையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணிப்பொறிக்குக் கட்டளைகளை அட்டையில் துளையிட்டுக் கொடுக்கலாம் என்று திட்டமிட்டார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையட்டைகளில் பதிந்து, அவற்றை மின் இயந்திரத்தில் எண்ணிக் காட்டினார் ஹெர்மன் ஹாலரித். அதன்பின் பல பத்தாண்டுகள் கணினிகளுக்கு அட்டையில்தான் தீனி போட்டார்கள். கணினி அறைக்குள் நுழையச் செருப்பைக் கழற்றச் சொல்கிற பள்ளியில் படிக்கிற இந்தப் பிள்ளைகள், அதன் பாட்டனை வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வளர்கிறார்கள்.

இந்தப் பத்து நிமிடம் முடியுமுன்னே, ஏற்பாட்டாளரின் ஆள் வாசலில் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "டைம் ஆச்சுங்க சார், அடுத்த எடம் போகோணும்." எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் காட்ட வேண்டாம்.

மின்மோட்டாரைச் சொல்லாமல் கோவையின் தொழில்நுட்பத்தைச் சொல்ல முடியாது. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையில் ஆலைகள் பெருகின. தோட்டங்களில் கவலை கட்டிக் காளை பூட்டி இறைத்த இடத்தில் பம்பு வந்தது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மோட்டார் அதிசயப் பொருளே அன்று. கோடையில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் எரிந்து போவதும், அதைக் கழற்றி வண்டியில் போட்டுக் காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோவதும், வெயிலில் காய்ந்த பயிரைப் பார்த்து அப்பாவின் வாய் நீளுவதும் அவர்கள் வீட்டுக் கதை. ஆகவே இங்கே நான் பேசியது குறைவு, அவர்கள் பேசியது அதிகம். செம்புக் கம்பியை ஏன் வார்னிஷ் பூசிச் சுற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு, கடையில் உட்கார்ந்து பார்த்திருந்த ஒருவனே பதில் சொன்னான்: கம்பியும் கம்பியும் ஒட்டினால் மின்சாரம் சுற்றிவராமல் குறுக்கே பாய்ந்துவிடும். பாடநூலில் உள்ள சொல் காப்பிடுதல். அவன் சொன்ன விளக்கத்துக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை.

நாயுடு வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றையும் உருவாக்கியவர் என்று சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் தனி மலர்ச்சி. எங்கள் பள்ளிதான் ஊரின் வாக்குச்சாவடி; தேர்தல் அன்று விடுமுறை கிடைப்பதும் மறுநாள் சுண்ணாம்பில் போட்ட அம்புக்குறிகள் தரையில் கிடப்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்தியத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் பயன்பட்டது 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில். நாயுடு 1974இலேயே காலமாகிவிட்டார்.

கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு வைத்தால் இதற்குத்தான் முதலிடம் கிடைக்கும். என் வாக்கு முதலில் பார்த்த அருங்காட்சியகத்துக்கே. கார்களைப் பார்த்ததும் வகுப்பே இரண்டாகப் பிரிந்து, எது வேகமாகப் போகும், எது விலை அதிகம் என்று பேசத் தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சிலிருந்து இயக்கத்தின் பக்கம் அவர்களை இழுத்து வருவதற்குத் தனி முயற்சி வேண்டியிருந்தது. எனக்கு உதவிய கார்கள் இரண்டு. ஒன்று ஃபோக்ஸ்வாகன் பீட்டில். முன்னால் எஞ்சின் இல்லை, சாமான் வைக்கிற இடம் இருக்கிறது. எஞ்சின் பின்னால் இருக்கிறது, அதைக் குளிர்விக்கத் தண்ணீரே இல்லை, காற்றுதான். தண்ணீர் ஊற்றாத எஞ்சின் என்றதும், "அப்ப நம்ம டிவிஎஸ் 50 மாதிரிங்களா?" என்று கேட்டார்கள். அந்த ஒப்புமை சரியானது.

மற்றொன்று, கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் மாதிரி. ஒற்றை சிலிண்டர், ஒரு குதிரைத் திறன்கூட முழுதாக இல்லாத எஞ்சின், சைக்கிள் சக்கரத்தைப் போன்ற கம்பிச் சக்கரங்கள். பளபளப்பான கார்களுக்கு நடுவே இதைப் பார்த்து "மாட்டு வண்டி" என்று முகம் சுளித்தவர்களை அங்கேயே நிறுத்தி, கார்லின் மனைவி பெர்த்தாவின் கதையைச் சொன்னேன். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், 15 வயதும் 13 வயதும் ஆன மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப் போனார் பெர்த்தா. தொலைவு 100 கிலோமீட்டருக்கும் மேல்; சென்னிமலையிலிருந்து நாங்கள் வந்ததைவிட அதிகம். எரிபொருள் விற்கும் கடை என்று அன்று எதுவும் கிடையாது. வழியில் ஒரு மருந்துக் கடையில் துணிக் கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். மரக்கட்டையாலான தடுப்பு தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்கச் செய்தார். ஏற்றத்தில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். பதின்மூன்று வயதுப் பையன் தள்ளினான் என்று கேட்டதும், மாட்டு வண்டி என்று சொன்னவர்கள் அந்த வண்டியைச் சுற்றி வந்து, எந்த இடத்தில் கைவைத்துத் தள்ளியிருப்பான் என்று பார்த்தார்கள்.

1952இல் நாயுடு 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார் என்பதையும், அரசு உரிமம் தராததால் அது உற்பத்திக்குப் போகவில்லை என்பதையும் கார்களுக்கு நடுவே நின்று சொன்னால் வகுப்பறையில் சொல்வதைவிட உறைக்கிறது. ஏன் தரவில்லை என்று கேட்டார்கள். வண்டி செய்யவும் ஆலை வைக்கவும் அரசிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏற்பாட்டாளர் பேசி வைத்திருந்த உணவகத்தில் எங்களுக்கு முன்பே வேறொரு பள்ளி உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் வாசலில் நின்று, ஆறிய சோறும் நீர்த்த சாம்பாரும் சாப்பிட்டோம். அப்பளம் மட்டும் நன்றாக இருந்தது. அதன் பிறகு மண்டல அறிவியல் மையத்துக்குப் போக நேரம் போதவில்லை, பிள்ளைகளும் களைத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு நாள் தனியாகப் போக வேண்டும் என்று நானே விட்டுவிட்டேன்.

அடுத்துப் போகிறவர்கள் ஏற்பாட்டாளரை நம்பாமல் பேருந்தை நேரடியாகப் பேசிக்கொள்வது நல்லது. எங்கள் ஊரிலேயே ஒருவரிடம் விசாரித்ததில், சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போனால் ஆளுக்கு 300 ரூபாய்க்குள் முடியும் என்று தெரிகிறது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் இலையில் கட்டிப் போனால் உணவக வாசலில் நிற்கும் முக்கால் மணி நேரம் மிச்சம். அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, விடுமுறை நாளையும் மாணவர் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 41 பேரை ஒரே கூட்டமாக உள்ளே விட்டால் முன்வரிசைக்கு மட்டுமே காட்சி; எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, பாதிப் பேர் கார்களிலும் பாதிப் பேர் மற்றதிலுமாகத் தொடங்கி நடுவில் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெரியவர்கள் ஆசிரியர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தறி ஓட்டுகிற, காயில் கட்டுகிற, லேத்தில் வேலை செய்கிற பெற்றோர் நான்கைந்து பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சம்மதித்தால், வழிகாட்டி வேறு தேட வேண்டாம். ஆறாம் வகுப்பை வரும் ஆண்டு அழைத்துப்போகும்போது அப்படித்தான் செய்யப்போகிறேன். ஜக்கார்டுப் பெட்டியை விளக்கிய மாணவியின் தந்தையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "நானெல்லாம் வந்து என்னத்தைங்க சார் சொல்றது" என்று முதலில் தயங்கியவர், கணக்கிடும் இயந்திரத்தை மகள் விவரித்ததைச் சொன்னபின், கிழிந்த அட்டை நாலைந்து எடுத்து வைக்கிறேன் என்றார்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம் வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் காரை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு வாசலில் இருக்க வேண்டுமானால் பெருந்துறையை ஏழரைக்குத் தாண்டியாக வேண்டும். கோல்டுவின்ஸ் வருவதற்கு முன்பே ஒருவர் எழுந்து ஓட்டுநர் பக்கத்தில் போய் நின்று, பாலத்தில் ஏற வேண்டாம், கீழேயே போங்கள் என்று சொல்லிவிடவும்.